ஃப்ரேம் கடைக்காரரின் டிசம்பர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலையும் ஒரு ஊருக்குச் சோறு போடும் என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பெங்களூருவை வளர்த்தது எங்கள் துறை என்பதுதான் என் எண்ணம். ஓவியம், நாடகமெல்லாம் கையில் காசு வந்த பிறகு வாங்கும் அலங்காரம். இல்லை என்றால் ஒரு கணக்காவது காட்டுங்களேன்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கணக்கு கேட்டதில் சந்தோஷம். உங்கள் பேச்சில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சித்திரச் சந்தையில் படம் வாங்கிக்கொண்டு போகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் துறைக்காரர்கள்தான்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு குமர கிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் ஓவியச் சந்தை அது. 20 வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. அல்சூரில் ஃப்ரேம் கடை வைத்திருக்கும் தர்மபுரிக்கார நண்பர் ஒருவருக்கு வருட வருமானத்தில் பெரும்பங்கு அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் வந்துவிடும். கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. மரத்தூள், கண்ணாடிச் சில்லு, சுவரோரம் சாத்திவைத்த விநாயகர்கள். "படம் விக்குதோ இல்லையோ, ஃப்ரேமுக்குக் காசு முதல்லயே வந்துரும் சார்" என்பார்.

அவரிடம் படங்களுக்கு ஃப்ரேம் போட்டுக்கொள்ளும் கும்பகோணத்து ஓவியர் ஒருவரை எனக்குத் தெரியும். குளத்துப் படித்துறைகளை நீர்வண்ணத்தில் வரைபவர். படங்களைச் சுருட்டி முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிடுவார். போன தடவை 10 படம் வைத்தார், 4 விற்றது. ஒன்று 1,500 வீதம் 6,000 ரூபாய். ஃப்ரேமுக்கு 3,000. பஸ், லாட்ஜ், சாப்பாடு 2,200. மிச்சம் 800. வரைந்த கூலியை இதில் சேர்க்கவில்லை. விற்காத ஆறும் நண்பர் கடைப் பரணில் இருக்கின்றன.

ஆக, ஊருக்குப் பணம் வருகிறது. ஃப்ரேம்காரர், ஆட்டோக்காரர், லாட்ஜ்காரர், தெருமுனையில் சுருமுரி என்கிற மசாலாப் பொரி கலக்குபவர் எல்லாருக்கும் வருகிறது. வரைந்தவர் வரிசையில் கடைசி ஆள். இந்தத் தொழிலின் சங்கடமே இங்கேதான் இருக்கிறது. அரசுத் திட்டங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது என்று எண்ணுகின்றன, யார் பையில் தங்கியது என்று பார்ப்பது குறைவு.

உங்கள் துறைக்குப் பக்கத்து வீடான அனிமேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகம் 2012லேயே அதற்குத் தனிக்கொள்கை கொண்டுவந்தது. பெரிய ஹாலிவுட் படங்களின் காட்சிகளை இங்கே உட்கார்ந்து செய்தார்கள், நல்ல சம்பளமும்கூட. ஆனால் கதையும் உரிமையும் வேறு ஊரில். 2025 பிப்ரவரியில் பிரான்சின் டெக்னிகலர் என்ற கிராஃபிக்ஸ் நிறுவனம் நொடித்தபோது அதன் பெங்களூரு அலுவலகமும் மூடியது. கணினியில் அத்தனை கைவண்ணம் காட்டியவர்கள் ஒரே வாரத்தில் வேலை தேடி நின்றார்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? எனக்குத் தெரிந்த ஒரே மருந்து குறைந்த வாடகை. ஜே.பி. நகர் ரங்க சங்கராவைப் பாருங்கள். கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் நினைவாக 2004ல் திறந்த அரங்கு. சின்னக் குழுக்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகைக்கு மேடை கொடுப்பதால், வருடம் முழுக்க நாடகம் நடக்கிறது. (மணி அடித்துவிட்டால் தாமதமாக வந்தவரை உள்ளே விடமாட்டார்கள். பன்னேர்கட்டா சாலை நெரிசலில் மாட்டி, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே சாபுதானா வடை தின்றுவிட்டுத் திரும்பியவன் நான்.)

ஒத்திகைக்கு அப்படி இடம் கிடைப்பதில்லை. எங்கள் தமிழ் நாடகக் குழு ஐந்து வருடம் பயன்படுத்திய மாடியை, கீழே காபிக்கடை வந்ததும் வாடகையை இரட்டிப்பாக்கிக் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. மழை வந்தால் ஒத்திகை ரத்து.

ஜனவரிச் சந்தைக்கு வாருங்கள். காலை எட்டரைக்குள் வந்தால் நல்லது, பத்துக்கு மேல் நகர முடியாது. கும்பகோணத்துக்காரரைக் காட்டுகிறேன். ஃப்ரேம் கடைக்கு மட்டும் டிசம்பரில் போய்விடாதீர்கள், தலை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது.