குதிரை வண்டிலில் ஒரு கிழமை

வணக்கம் ஐயா,
வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்கு அப்பப்பாவின் கூடார வண்டிலில் போனதை எழுதியிருந்தீர்கள். நாங்கள் இப்போது லண்டனில். அயர்லாந்தில், விக்லோ பக்கம், குதிரை பூட்டிய கூடார வண்டிலை வாடகைக்கு எடுத்து அதிலேயே படுத்தெழும்பித் திரியலாமாம். கோடை விடுமுறைக்கு ஒரு கிழமை, பிள்ளைகளோடும் எழுபது வயது அம்மாவோடும் போக யோசிக்கிறோம். நல்லதா?
— ஒரு வாசகி

அன்பின் வாசகிக்கு,
போகலாம். ஆனால் ஒரு கிழமை வேண்டாம், மூன்று நான்கு நாள் போதும்.

அந்தக் கட்டுரையில் நான் வைக்கோலில் படுத்துக் கிடந்தவன். விடியமுன் எழும்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, நுகத்தில் பூட்டியது அப்பப்பா. விக்லோவில் நீங்கள்தான் அப்பப்பா.

மருமகன் குடும்பத்தோடு நானும் அங்கே போயிருக்கிறேன். நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகளைத் தூர நின்று பார்த்ததுதான் அதுவரை எனக்கிருந்த குதிரைப் பழக்கம். முதல் நாள் எல்லாம் காட்டித் தருவார்கள். உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், குளம்புக்குள் சிக்கிய கல்லைக் கிண்டி எடுக்க வேண்டும். மாடு கழுத்தில் நுகத்தைத் தாங்கி இழுக்கும். குதிரைக்குத் தோள்தான் பலம். அதனால் கழுத்தில் ஒரு தோல் வளையம். அதைத் தலைகீழாக நுழைத்துப் பிறகு திருப்ப வேண்டும், ஏனென்றால் குதிரைத் தலை கண்மட்டத்தில்தான் அகலம். பிழையாகப் பூட்டினால் தோள் புண்ணாகிவிடும். மருமகன் மூன்றாம் நாள்தான் சரியாகப் பழகினார். இரண்டாம் நாள் காலை, புல்வெளியில் நின்ற குதிரையைப் பிடிக்கவே ஒரு மணித்தியாலம் போனது.

நடை மணிக்கு ஐந்தாறு கிலோமீற்றர். நாளுக்கு 15 ஓடினால் பெரிய காரியம். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டால் சுன்னாகம் தாண்டிக் கொஞ்சத் தூரம், அவ்வளவுதான். ஏற்றம் வந்தால் இறங்கி நடக்க வேண்டும், விக்லோ மலைநாடு. ஜூலையிலும் மழை பெய்யும். வண்டிலுக்குள் கக்கூசும் இல்லை, குளிப்பும் இல்லை; இரவு தங்கும் பண்ணையில்தான். நடுச்சாமத்தில் அந்தச் செங்குத்துப் படியில் அம்மா இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளை யோசிக்க வேண்டாம். எங்கள் பேத்தி குளம்புச் சத்தத்தைக் கேட்டபடியே பகலிலும் நித்திரை. இடுப்பு நோ மருமகனுக்கு.

அம்மாவுக்கு வண்டில் தங்கும் ஊரில் ஒரு அறை எடுங்கள். சமதரை வீதி வரும்போது மட்டும் முன் ஆசனத்தில் இருத்துங்கள். கடிவாளத்தைத் தா என்று அவ கேட்பா, கொஞ்ச நேரம் கொடுங்கள்.