வாசகர் கேள்வி – பதில்: கரும்புத் தோட்டத்தில் எழும் வீடுகள்

கேள்வி: டொங்காட்டுக்கு வடக்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். ஊரை ஒட்டிய 40 ஹெக்டேர் தோட்டத்தில் பெரிய குடியிருப்பு வரப்போவதாகச் சாலையோரம் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ஊராரிடம் கையெழுத்து வாங்கி மனு ஒன்று தயாரித்திருக்கிறோம். இதை யாரிடம் கொடுத்தால் பலன் கிடைக்கும்?
– ஒரு வாசகி, குவாசூலு-நடால், தென்னாப்பிரிக்கா

பதில்: மனுவைக் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்பதைவிட, என்ன காரணம் காட்டி எதிர்க்கிறார்கள் என்பதே கோப்பில் நிற்கும்.

1998 ஏப்ரல் 1-க்குப் பிறகும் விவசாயம் நடந்த நிலத்தில், நகர்ப்புற எல்லைக்கு வெளியே 1 ஹெக்டேருக்கு மேலும், எல்லைக்குள் 5 ஹெக்டேருக்கு மேலும் வீடுகள் கட்டுவதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அதற்கான மதிப்பீட்டாளரின் பெயரும் தொடர்பு விவரமும் அந்தப் பலகையில் இருக்கும். அவருக்கு எழுதி, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பாதிக்கப்படுவோர் பதிவேட்டில் சேர்ந்துவிடுங்கள். அவர் தயாரிக்கும் வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். நில வகைமாற்றத்துக்கான விண்ணப்பமோ 2013-ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின்படி நகராட்சியிடம் தனியாகப் போகும். ஓரிடத்தில் கொடுத்த ஆட்சேபம் மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. பல ஊர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வகைமாற்ற விண்ணப்பத்தில் நகராட்சித் தீர்ப்பாயம் எடுக்கும் முடிவால் உரிமை பாதிக்கப்படுவோர், முடிவு அறிவிக்கப்பட்ட 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

‘வெள்ளம் வரும்’ என்று பொதுவாக எழுதினால் ஒரே வரியில் பதில் சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எந்த ஓடை கரை உடைத்தது, யார் வீட்டில் எத்தனையாவது படி வரை தண்ணீர் ஏறியது என்பதைப் படத்தோடும் தேதியோடும் எழுதுங்கள். தோட்ட மண் உறிஞ்சிய மழை, கூரையும் தார்ச்சாலையும் ஆன பிறகு எங்கே போகும் என்று கேளுங்கள். அதே வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமடைந்து, மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததையும் நினைவூட்டி, புதிய வீடுகளுக்குத் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் எங்கிருந்து வரும் என்பதற்கு எழுத்தில் உறுதி கேளுங்கள்.

1860 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் கல்லறைகள் கரும்புக்குள் இருக்கின்றனவா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். முறையான இடுகாட்டுக்கு வெளியே உள்ள 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்லறைகளை, மரபுரிமை அமைப்பின் அனுமதியில்லாமல் அகற்ற முடியாது.

மனுவில் ‘கண்டவர்கள் வந்து குடியேறுவார்கள்’ என்பதுபோல ஏதேனும் வரி இருந்தால் அடித்துவிடுங்கள். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்தவர்களின் பிள்ளைகள் எழுதக்கூடிய வரி அல்ல அது. சட்டப்படியும் அதற்கு மதிப்பில்லை. மனுவின் மற்ற காரணங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குழுச் செயலாளர் மீது அவதூறு வழக்குப் போடுவோம் என்று கட்டுமான நிறுவனத்தின் வழக்கறிஞர் கடிதம் அனுப்பியிருக்கிறார். போராட்டத்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், வெருலம்

பதில்: நிறுத்த வேண்டாம், கடிதத்தை அலட்சியம் செய்யவும் வேண்டாம். எதிர்ப்போரின் வாயை அடைப்பதற்காகவே தொடுக்கப்படும் வழக்கு, நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று எதிர்வாதம் செய்யலாம் என அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. சுரங்க நிறுவனம் ஒன்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள் மீதும் ஆர்வலர்கள் மீதும் தொடுத்த அவதூறு வழக்கு அது. எனினும், வழக்குத் தொடுத்தவரின் நோக்கத்தோடு வழக்கில் நியாயம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். ஆகவே, ‘கவுன்சிலர் காசு வாங்கிவிட்டார்’ என்பதுபோல ஆதாரமில்லாத எதையும் வாட்ஸ்அப் குழுவில்கூட எழுதாதீர்கள். செயலாளர் தாமே பதில் எழுதாமல், டர்பனில் பொதுநல வழக்குகளை எடுக்கும் சட்ட உதவி அமைப்பு ஒன்றிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி, வழக்கறிஞர் மூலமாகவே பதில் அனுப்பட்டும்.