கோவை இலக்கம் உள்ள ஒரு நம்பிக்கை

கேள்வி: ரீச்சர், எனக்கு 28 வயது. திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கிறேன். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு ஒரு தமிழ்த் தரப்புக்காக வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். நாட்டு முடிவு வந்த இரவு அழுதுகொண்டே படுத்தேன். மூன்றில் இரண்டுக்கு மேல் ஒரே கட்சியிடம் போன பிறகு எங்கள் குரலுக்கு என்ன பெறுமதி? என் சொந்தத் தம்பியே அந்தப் பக்கம் புள்ளடி போட்டிருக்கிறான். இன்றுவரை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அம்மா, கனடாவில் இருக்கும் மாமாவிடம் போகச் சொல்கிறா. எங்கள் இளைஞர் கழகத்தையும் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த தேர்தல் வரைக்கும் எதை நம்பிக்கொண்டு இருப்பது? சும்மா ஆறுதல் வேண்டாம். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

பதில்:

பிள்ளை, வீடு வீடாக நடந்தவருக்குத்தான் தோல்வி இவ்வளவு வலிக்கும். வீட்டில் இருந்து முடிவு பார்த்தவருக்கு அது வெறும் செய்தி. அந்த இரவு நீங்கள் அழுததில் வெட்கப்பட எதுவும் இல்லை.

31 வருடம் அரசறிவியல் படிப்பித்தவள் நான். தேர்தல் கடமைக்கும் பல தடவை போயிருக்கிறேன். விடைத்தாள் கைக்கு வந்தால் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதே, எந்தக் கேள்வியில் எத்தனை போனது என்று பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். தேர்தல் முடிவையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

225 பேர் கொண்ட சபையில் 159 ஆசனம் என்பது பெரிய எண்தான். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். ஆனால் அந்த 159-ஐ எடுத்த தேசிய மக்கள் சக்தி 2020 ஓகஸ்ட் தேர்தலில் எடுத்தது 3 ஆசனம். அந்தத் தேர்தலில் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவுக்கு 145. அன்றைக்கும் "இனி இருபது வருடத்துக்கு இவர்கள்தான்" என்று எங்கள் சந்தையில் பேசினார்கள். இரண்டு வருடம் போகவில்லை. 2022 மே மாதம் மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டு, குடும்பத்தோடு எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் வந்து இருந்தார். தளத்தின் வாசலில் சனம் கூடி நின்றது. இன்னும் பின்னால் போனால், 1970-ல் மூன்றில் இரண்டு பலத்தோடு ஆட்சி அமைத்த கூட்டணியின் தலைமைக் கட்சி, சிறிலங்கா சுதந்திரக் கட்சி, 1977-ல் 8 ஆசனத்துக்கு இறங்கியது. கிட்டத்தில் நடந்ததையும் பாருங்கள். 2024 நவம்பரில் நாடு முழுவதும் நூற்றுக்கு 61 வாக்கு எடுத்த கட்சி, 2025 மே 6 நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எடுத்தது நூற்றுக்கு 43. உள்ளூராட்சித் தேர்தலில் சனம் வேறு காரணங்களுக்கும் வாக்களிக்கும் என்பது உண்மை. ஆனாலும் நவம்பர் முடிவு கல்லில் வெட்டிய எழுத்து இல்லை என்பதை அறிய அது போதும்.

இதை நான் சொல்வது ஆட்சி கவிழும், காத்திருங்கள் என்பதற்காக அல்ல. ஒரு அரசாங்கம் தோற்றுப்போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு இருப்பது நம்பிக்கை ஆகாது. 2022-ல் அரசு விழுந்தபோது மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. விலையைக் கொடுத்தது எங்கள் மீனவக் குடும்பங்கள். ஆளும் கட்சி நல்லதைச் செய்தால் அது உங்கள் வீட்டுக்கும் வரும், வரட்டும்.

இனி எங்கள் மாவட்டத்தைப் பாருங்கள். திருகோணமலைக்கு 4 ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, தமிழரசுக் கட்சிக்கு 1. கணக்கு எப்படி என்று பிரசாரத்துக்குப் போகிறவர்களுக்கே பல பேருக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். மாவட்டத்தில் கூடிய வாக்கு எடுத்த பட்டியலுக்கு முதலில் ஒரு ஆசனம் மேலதிகமாகப் போகும். நூற்றுக்கு 5-க்குக் கீழே எடுத்த பட்டியல்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். மிஞ்சிய வாக்குகளை மிஞ்சிய 3 ஆசனத்தால் பிரித்து, வருகிற எண்ணைக் கொண்டு பங்கிடுவார்கள். பங்கிட்டும் மிஞ்சும் ஆசனம், கூடிய மீதி வாக்கு வைத்திருக்கும் பட்டியலுக்கு. 4 ஆசன மாவட்டத்தில் ஒரே ஆதரவாளர்களைப் பல பட்டியல்கள் பங்குபோட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாறைக்கு அது நடந்தது. 2020-ல் தமிழ் வாக்கு இரண்டாகப் பிரிந்து, அந்த மாவட்டப் பட்டியலில் ஒரு தமிழ் உறுப்பினரும் தெரிவாகவில்லை. 2024-ல், நீங்கள் அழுத அதே இரவில், தமிழரசுக் கட்சிக்கு அங்கே ஒரு ஆசனம் வந்தது. நாட்டு முடிவின் இரைச்சலில் இது பலர் காதில் விழவில்லை. சேருவில, திருகோணமலை, மூதூர் என்று எங்கள் மாவட்டத்தின் மூன்று தேர்தல் தொகுதிகளுக்கும் முடிவுகள் தனித்தனியே இருக்கின்றன. 2020-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கே, எத்தனை வாக்கு நகர்ந்தது என்று தெரிந்த பிறகு மனம் அழுகையை விட்டு யோசனைக்கு வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

தம்பி விஷயம். அவன் உங்களுக்கு எதிராகப் புள்ளடி போடவில்லை, பிள்ளை. விலைவாசி, இலஞ்சம், வேலை, பழைய முகங்களில் வந்த அலுப்பு, இவற்றில் ஏதோ ஒன்றுக்காகப் போட்டிருப்பான். எது என்று நீங்கள் அவனைக் கேட்டீர்களா? வாக்குக் கேட்டு எத்தனையோ வீட்டுப் படி ஏறியவர், சொந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருங்கள். அவன் சொல்வதில் பாதி உங்கள் தரப்பு காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டியதாக இருக்கும்.

எதை நம்பிக்கொண்டு இருப்பது என்று கேட்டீர்கள். இதற்கு என் வாழ்க்கையிலிருந்துதான் சொல்ல முடியும்.

2010 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நான் மூன்று மாதம் பத்திரிகை வாசிக்கவில்லை. அப்போது எங்கள் பாடசாலையில் சம்பூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர் இருந்தார். 2006-ல் இடம்பெயர்ந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமில் இருந்தவர். அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதியின் பிரதி, பழைய குடும்ப அட்டை, பிரதேச செயலகத்துக்கும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கும் எழுதிய கடிதங்கள், ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பதிவுத் தபால் துண்டு. நான் தேர்தலைப் பற்றிப் புலம்பினால் அவர் தன் கோவை இலக்கத்தை, அதாவது அலுவலகத்தில் தன் கோப்புக்கு இருந்த எண்ணைச் சொல்வார். "அது இருக்கிற வரைக்கும் என்ட காணி இருக்கு ரீச்சர்" என்பார். எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தக் காணிகளில் ஒரு பகுதியில் முதலீட்டு வலயம், இன்னொரு பகுதியில் கடற்படை முகாம், பக்கத்தில் அனல் மின்நிலையத் திட்டம். எந்தக் கோவை அதை அசைக்கும் என்று நினைத்தேன்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அந்த மே மாதம், முதலீட்டு வலயத்துக்கு ஒதுக்கியிருந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானி இரத்துச் செய்யப்பட்டது. 2016-ல் கடற்படை முகாம் காணியும் விடப்பட்டது. நிலக்கரி மின்நிலையத் திட்டமும் அந்த வருடமே கைவிடப்பட்டது. அவர் தன் வளவுக்குப் போனார். வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. ஆனாலும் போனார்.

கதவைத் திறந்தது ஒரு தேர்தல்தான், அதை மறைக்க மாட்டேன். தேர்தலால் ஒன்றும் ஆகாது என்று உங்கள் அம்மா சொன்னால் அது சரியில்லை. ஆனால் கதவு திறந்த நாளில் உள்ளே போகக் கையில் கடதாசி இருக்க வேண்டும். அந்தக் கடதாசியைச் சேர்த்தது தோற்ற வருடங்களில். முகாமில், வெக்கைக்குள், தகரக் கூரைக்குக் கீழே சேர்த்தது. தோற்ற தரப்பின் ஐந்து வருடம் எதற்கு என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான் என்பேன்.

ஆகவே உங்களுக்கும் கோவை இலக்கம் உள்ள ஒரு விஷயம் வேண்டும். "தமிழர் உரிமை" என்ற பெரிய சொல்லை விட வேண்டாம். அதோடு கூட, நடந்துபோய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றை எடுங்கள். மழைக்கு உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறதா? அதுவே போதும்.

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. உங்கள் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: இந்த ஒழுங்கையின் வடிகானுக்குக் கடந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, ஒப்பந்தம் யாருக்கு, வேலை முடிந்ததென்று கையொப்பமிட்டவர் யார். "ஏன் செய்யவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். பதிவேட்டில் இருப்பதைத் தரத்தான் அவர்கள் கடமைப்பட்டவர்கள், அபிப்பிராயம் சொல்ல அல்ல. பலருடைய விண்ணப்பம் இந்த இடத்தில்தான் வீணாகிறது.

விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு பாடசாலை மைதானத்தின் எல்லை பற்றி நான் கேட்டபோது அந்த அலுவலகம் முதல் கடிதத்துக்கு அசையவே இல்லை. மேன்முறையீடு போன பிறகு வரைபடத்தின் பிரதி வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோசம் எந்தத் தேர்தல் இரவிலும் வந்ததில்லை.

பதில் கையில் வந்ததும் உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொண்டு போங்கள். அவர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களும் உங்களுக்கும் உறுப்பினர்கள்தான். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரு விஷயத்தை வைக்கச் சொல்லி அவர்களில் எவரிடமும் கேட்கலாம். கடதாசியோடு போகிறவரைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

இன்னொன்றையும் உங்கள் இளைஞர் கழகத்தில் பேசுங்கள். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2012 செப்டெம்பர் 8. அதன் காலம் 2017 செப்டெம்பர் 30-ல் முடிந்தது. 37 உறுப்பினர் இருந்த சபை அது. அன்றிலிருந்து எங்கள் மாகாணப் பாடசாலைகளையும் ஆஸ்பத்திரிகளையும் நாங்கள் தெரிவு செய்யாத ஒரு ஆளுநரின் கீழ்தான் நடத்துகிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து இருக்கும் எங்கள் மாகாணத்துக்கு, பாராளுமன்றத்தைவிடக் கிட்டத்தில் இருக்கும் சபை அதுதான். நவம்பர் முடிவைப் பற்றி அழுகிற நாங்கள், நடக்காத தேர்தலைப் பற்றி இவ்வளவு காலம் எப்படிப் பேசாமல் இருந்தோம்? அந்தத் தேர்தலை வையுங்கள் என்று கேட்பதற்கு, கிண்ணியாவிலும் சேருவிலவிலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் உங்களோடு கையெழுத்துப் போடக்கூடும். கழகத்தை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் இது. இரண்டாவது, 18 வயது நிறைகிற பிள்ளைகளின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் ஒவ்வொரு வருடமும் பார்க்க யாராவது வேண்டும்.

உடம்பையும் கவனியுங்கள். இரவில் போனில் அரசியல் சண்டை வாசித்துக்கொண்டு படுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை என்றால் அது தேர்தல் கவலை மட்டும் இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம். வைத்தியரிடமும் போங்கள்.

கனடா பற்றி ஒரு வார்த்தை. போவதும் இருப்பதும் உங்கள் உரிமை. படிப்புக்காக, தொழிலுக்காக என்றால் யோசித்துப் போங்கள். ஒரு தேர்தல் இரவின் கோபத்தில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம். முதலில் வடிகான் கடிதத்துக்குப் பதில் வரட்டும்.

கடிதத்தில் திகதி போட மறக்காதீர்கள். ஒரு பிரதியை உங்களிடம் வையுங்கள். தம்பிக்குக் கொம்பியூட்டர் வேலை தெரிந்தால் அவனைக் கொண்டே ரைப் பண்ணுவியுங்கள். ஒழுங்கையில் நிற்கும் தண்ணீர் அவன் வாசலிலும்தானே நிற்கிறது.