இறங்கும் விமானங்களுக்கு இடையே ஏன் அத்தனை தூரம்?

முன்னால் வந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகினால் போதாதா, பின்னால் வருவதை ஏன் அவ்வளவு தள்ளி வைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மோதிவிடும் என்ற பயம் மட்டும் இல்லை, முன்னது விட்டுப்போகும் காற்றுச் சுழிதான் பெரிய காரணம். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் போன தடத்தை வள்ளத்தில் குறுக்கே கடந்து பாருங்கள், கப்பல் எங்கேயோ போயிருக்கும், வள்ளம் மட்டும் தூக்கித் தூக்கி அடிக்கும். வானத்தில் அந்த அலை கண்ணுக்குத் தெரியாது.

இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூட, மேலே குறைவு. அதனால் நுனியைச் சுற்றிக் காற்று மேலேறிச் சுருண்டு, எதிரெதிராகச் சுழலும் இரண்டு கயிறுகள் மாதிரிப் பின்னால் நீண்டு, நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழே இறங்கும். விமானம் பாரமாகவும் மெதுவாகவும் இருந்தால் சுழி பலமாகும், இறங்க வரும்போது வேகம் குறைவுதானே. சின்ன விமானம் அதற்குள் மாட்டினால் ஒரு பக்கமாக உருளும், நிமிர்த்துவதற்கு உயரமும் இருக்காது.

அதனால்தான் வழக்கமான சர்வதேச விதிப்படி ஏர்பஸ் ஏ330 மாதிரிக் கனமான விமானத்தின் பின்னால் அதைவிடச் சிறிய ஏ320 வந்தால் 5 கடல் மைல், திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தில் இறங்கும் செஸ்னா மாதிரிச் சின்னது என்றால் 6. காற்று அசையாத நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும், சுழி சீக்கிரம் கலையாது.