புதுச்சேரியில் சொந்த வண்டி இல்லாமல் போய்வர என்ன செய்ய வேண்டும்?

‘பஸ்ஸில் போங்கள்’ என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. வண்டியைத் தெருவோரம் இலவசமாக நிறுத்த முடிகிறவரை யாரும் சாவியைக் கீழே வைக்க மாட்டார்கள். அதனால் நேரு வீதி, மிஷன் வீதி போன்ற கடைத்தெருக்களில் முதலில் பார்க்கிங் கட்டணத்தை ஒழுங்காக வசூலிக்க வேண்டும். அந்தப் பணம் நடைபாதைக்கும் டவுன் பஸ்ஸுக்கும் போகட்டும். லண்டன் 2003-இல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதித்தபோது, வசூலைப் போக்குவரத்துக்கே ஒதுக்கியது. ஸ்பெயினின் பொன்டெவெத்ரா 1999-இலிருந்தே நகர மையத்தை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டது.

வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவது இயல்புதான். ஆனால் மாலையில் வண்டிகளை விடாத நம் கடற்கரைச் சாலையில் கூட்டம் குறைந்தா போயிற்று?

அப்புறம், கடைசி இரண்டு கிலோமீட்டர். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குபவருக்கு அங்கேயே வாடகை சைக்கிள் கிடைத்தால் போதும். ஊர் சமதரை, பழைய நகரத் தெருக்களோ நேர்நேரானவை. வெயில்தான் பிரச்சினை, அதற்கு மரம் நட வேண்டும்.