கேள்வி பதில்: பில் நோட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸும்

சந்தை ஆய்வு வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேள்வித்தாள் நிரப்பியதில் தொடங்கிய பிழைப்பு. எது ஓடும், எது ஓடாது என்று தரவை வைத்து எப்படிக் கணிப்பது எனக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

ஈரோட்டில் சத்துமாவு விற்கிறேன் அக்கா. எந்தச் சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் 'ராகி' 100 காட்டுகிறது. துணிந்து இறங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த 100, நூறு பேரும் இல்லை, நூறு ஆயிரம் பேரும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்துக்குள் தேடல் உச்சத்தில் இருந்த நேரத்துக்கு 100 என்று பெயர் வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். அதுவும் மொத்தத் தேடல்களில் ராகிக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்குதான். அதனால் ராகியைத் தேடுபவர்கள் குறையாமலே கோடு இறங்கலாம். மற்றவற்றைத் தேடுவது கூடியிருந்தால் போதும்.

காலத்தை ஐந்து ஆண்டாகவும் இடத்தைத் தமிழ்நாடாகவும் மாற்றிப் பாருங்கள். கூடவே 'இட்லி' மாதிரி ஏறாமல் இறங்காமல் இருக்கும் ஒரு சொல்லையும் போடுங்கள். இட்லிக்குப் பக்கத்தில் ராகி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தால்தான் அளவு பிடிபடும். 'கேழ்வரகு' என்று தமிழில் தேடுகிறவர் வேறு, ஆங்கில எழுத்தில் தேடுகிறவர் வேறு. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டில் ஒரு மேடு தெரிந்தால் அதில் பள்ளிக் கட்டுரைக்காகத் தேடிய பிள்ளைகளும் இருப்பார்கள். தேடுகிறவர்கள் எல்லாரும் வாங்க வருகிறவர்கள் இல்லை.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2024 அக்டோபர் விற்பனை, 2023 அக்டோபரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலாளி இன்னொரு கிளை திறக்கலாமா என்று யோசிக்கிறார்.

முதலாளியிடம் காலண்டரைக் காட்டுங்கள் சார். 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. முதல் ஆண்டில் கடைசி நேரக் கூட்டம் முழுக்க நவம்பரில் விழுந்தது, அடுத்த ஆண்டு அதே கூட்டம் அக்டோபருக்குள் வந்துவிட்டது. வியாபாரம் வளர்ந்ததா, பண்டிகை நகர்ந்ததா என்று இந்த இரண்டு எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

ஜவுளிக்கு ஆங்கில மாதக் கணக்கு உதவாது என்பது என் கட்சி. தீபாவளியிலிருந்து பின்னோக்கி முப்பது நாள் எண்ணி, அந்த முப்பதை முந்தைய ஆண்டின் முப்பதோடு ஒப்பிடுங்கள். மற்ற நாட்களுக்குத் தமிழ் மாதம் போதும். ஆடித் தள்ளுபடி, முகூர்த்தம் இல்லாத மார்கழி, தைக் கல்யாணம் எல்லாம் அதில் அதனதன் இடத்தில் உட்காரும். என் மேசையில் தினசரிக் காலண்டர் தொங்குவதைப் பார்த்து ஆபீஸ் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2025இலும் தீபாவளி அக்டோபர்தான், 20ஆம் தேதி. ஆனால் அந்த ஆண்டில் வேறு வில்லங்கம். செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. 1000 ரூபாய்க்கு மேல் 2500 வரையிலான ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம் 5 ஆனது. வரி குறையப்போகிறது என்று தெரிந்தால் யார் முன்கூட்டியே வாங்குவார்? செப்டம்பரில் வரவேண்டியவர்கள் அக்டோபரில் வந்திருக்கலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று மாதத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கிளையைப் பற்றிப் பேசுங்கள்.

மதுரையில் எம்பிஏ படிக்கிறேன் மேடம். ஆய்வுக்கு எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

ஒழுங்காகத் தேர்ந்தெடுத்த 400 பேர் என்றால் விடை உண்மையிலிருந்து ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி இப்படியோ அப்படியோ இருக்கும். 1000 பேர் என்றால் 3. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். மதுரைக்கு மட்டும் என்றாலும் தமிழ்நாடு முழுவதற்கும் என்றாலும் இதே கணக்குதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது சோறு சீராக வெந்த பானைக்குத்தான். அடுப்பு ஒரு பக்கமாக எரிந்தால் அந்தப் பக்கத்தில் ஆயிரம் பருக்கை எடுத்து நசுக்கியும் பயனில்லை. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்றது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது, ஜெயித்தது ரூஸ்வெல்ட். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் பட்டியலிலிருந்தும் கார் பதிவுகளிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, பதில் போட மெனக்கெட்டவர்களும் ஒரு பக்கச் சாய்வுள்ளவர்கள். நீங்கள் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் படிவமும் இதே ரகம் தம்பி.

கோவையில் முறுக்கு, தட்டை போடுகிறோம். புது மசாலா வகையைச் சுவைத்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். கடையில் ஓடவே இல்லை. ஏன்?

ஓசியில் கொடுத்ததைத் தின்றுவிட்டு முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று நம் ஊரில் யாரம்மா சொல்வார்கள்?

அந்த மரியாதையைக் கழித்தாலும் ஒரு கடி வேறு, ஒரு பாக்கெட் வேறு. 1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பழைய சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, புதியதுதான் பிடிக்கிறது என்று உறுதிசெய்திருந்தார்கள். மக்கள் கொந்தளித்ததில் 79 நாளில் பழையது திரும்பி வந்தது. பழையதை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அந்தச் சோதனைகளில் போதிய எடை கொடுக்கவில்லை.

நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். ஒரு ஊறுகாய் நிறுவனத்துக்காக ஸ்பூனில் நக்கவைத்துக் கருத்துக் கேட்டோம். பத்தில் எட்டுப் பேர் அருமை என்றார்கள். வீட்டுக்கு வாங்கிப்போனவர்கள் மூன்றாம் நாளே புளிப்பு அதிகம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கடைக்காரரிடம் எத்தனை பாக்கெட் போனது என்று கேட்பதோடு விடாதீர்கள். ஒருமுறை வாங்கியவரில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று கேளுங்கள். யாரும் வரவில்லை என்றால் சுவையில் கோளாறு. வந்தவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், ஆனால் மொத்தத்தில் கொஞ்சம் பேர்தான் என்றால் பொருள் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

ஆய்வு அறிக்கைகள் லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். இலவசமாக என்ன இருக்கிறது?

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. 2022-23க்கான கணக்கில் இந்தியக் கிராமத்து வீட்டுச் செலவில் சாப்பாட்டின் பங்கு ஏறக்குறைய 46 சதவீதம், நகரத்தில் 39. கிராமத்திலேயே பாதிக்குக் கீழே! உணவுச் செலவுக்குள்ளும் பானங்களும் பாக்கெட் பண்டங்களும் சேர்ந்த வகைதான் மற்ற எந்த உணவு வகையையும்விட அதிகப் பங்கை எடுக்கிறது. ராகி மாவு ஈரோட்டுக்காரர் இதை அவசியம் படிக்க வேண்டும். மாநில வாரியாகவும் கிடைக்கிறது. அப்புறம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதன் 2019-21 கணக்கில் எந்த மாவட்டத்தில் ரத்தசோகை அதிகம் என்பது வரை இருக்கிறது.

வாடிக்கையாளர் போன் நம்பர்களைச் சேர்த்து ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

எதற்கு என்று சொல்லி, ஒப்புதல் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இலேயே சட்டம் வந்துவிட்டது. பில் போட வாங்கிய நம்பருக்கு விளம்பரம் அனுப்பாதீர்கள்.

எங்கள் ஊர் மளிகைக்கடையில் கம்ப்யூட்டரே இல்லை, நோட்டுதான். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா அக்கா?

நோட்டில் இரண்டு பத்தி கூடுதலாகப் போடுங்கள். ஒன்றில், வந்து கேட்டு 'இல்லை' என்று திருப்பி அனுப்பிய பொருள். எந்தக் கம்ப்யூட்டர் பில்லும் இதைப் பதிவதில்லை. விற்றதைத்தானே அது அறியும்? இன்னொன்றில், வாங்கியவர் புதியவரா பழையவரா என்று ஒரு புள்ளி. ஒரே பொருளை ஒரு வாரத்தில் நாலு பேர் கேட்டால் ஐந்தாமவருக்குக் கொஞ்சமாக வாங்கி வையுங்கள். முதல் தடவையே மூட்டைக் கணக்கில் இறக்க வேண்டாம்.