கதவைப் பூட்டத் தெரியாத பெண்ணா?

கேள்வி: என் மகள் நர்ஸ். நான்கு மாதத்துக்கு முன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாள். போனதிலிருந்து ஏதாவது ஒரு வில்லங்கம். சப்பாத்தி சுட்ட புகையில் அலாரம் அடித்து அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். டிக்கெட் வாங்கியும் அபராதம் கட்டினாள். அவள் குளித்த தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டது. பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்தில் என் மைத்துனர், "கதவைப் பூட்டத் தெரியாத பொண்ணை சீமைக்கு அனுப்பிட்டாரு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அவள் ஞாயிறு மட்டும் பேசுகிறாள், "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. இவ்வளவு கவனக்குறைவான பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா? - ஒரு தந்தை, குடியாத்தம்.

பதில்: அழைக்க வேண்டாம். கவனக்குறைவு என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதிய நான்கு சம்பவங்களில் ஒன்றில்கூட எனக்கு அது தெரியவில்லை. குடியாத்தத்தில் பிறந்ததிலிருந்து சரியாகச் செய்துவந்ததையே அங்கேயும் செய்திருக்கிறாள்.

குளியலறையைப் பாருங்கள். நம் வீட்டில் தரை ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும், அங்கே தண்ணீர் போக வழி இருக்கும். வாளியில் மொண்டு எவ்வளவு ஊற்றினாலும் தரை தானாக வடியும். அங்கே பல வீடுகளில் தண்ணீர் போகிற துளை தொட்டிக்குள்ளோ, ஷவர் தட்டுக்குள்ளோ மட்டும்தான். வெளியே இருக்கும் தரை கூடத்துத் தரை மாதிரி. அதில் இரண்டு வாளி ஊற்றிக் கழுவினால் தண்ணீருக்குப் போக்கிடம் கீழ்வீடுதான். நம் பக்கத்திலிருந்து போன எத்தனையோ வீடுகளில் நடந்த கதை இது. குளியலறையைக் கழுவிவிடு என்று அவளுக்குப் பழக்கியது யார்? உங்கள் வீடு.

கதவும் அப்படித்தான். இங்கே நாமாகத் தாழ்ப்பாள் இழுத்து, பூட்டு மாட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்தால்தான் பூட்டியதாகக் கணக்கு. அங்கே பல வீட்டுக் கதவுகளில் வெளிப்பக்கம் வெறும் குமிழ் மட்டும் இருக்கும். சாத்தினாலே போதும், சாவி இல்லாமல் திறக்காது. டிக்கெட்டும் அதே கதை. நம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கையிலிருந்து வாங்கினால் முடிந்தது. அங்கே பல ஊர்களில் மெஷினில் வாங்கிய டிக்கெட்டை இன்னொரு சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கியவளுக்கும் வாங்காதவனுக்கும் ஒரே அபராதம்தான், 60 யூரோ.

பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1931 டிசம்பரில் வின்ஸ்டன் சர்ச்சில் நியூயார்க்கில் தெருவைக் கடக்கும்போது கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இங்கிலாந்தில் பார்க்கிற பக்கத்தையே அங்கேயும் பார்த்திருக்கிறார். காட்பாடி ரோட்டில் நாமும் முதலில் வலப்பக்கம்தான் பார்க்கிறோம். ஜெர்மனியில் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். உங்கள் மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் கல்யாண வீட்டில் மைத்துனர் பேசியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அது அவள் காதுக்குப் போயிருக்கும். அவள் ஞாயிறு மட்டும் பேசுவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த மௌனம்தான். நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயப்படுகிற பிள்ளை, அடுத்த முறை அலாரம் கத்தக்கூடாதென்று அதன்மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிடும், அல்லது பேட்டரியைக் கழற்றிவிடும். அதை யாரிடமும் சொல்லாது. இரவில் எங்காவது தீப்பிடித்தால், தூங்குகிறவர்களைப் புகை எழுப்பாது, மயக்கத்தில்தான் தள்ளும். எழுப்புவதற்கு இருப்பது அந்த அலாரம் ஒன்றுதான். சப்பாத்திக்கு ஜன்னலைத் திறந்து, அடுப்பின் மேலுள்ள புகைபோக்கியைப் போட்டு, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அங்குள்ள கண்ணாடி அடுப்பைப் பற்றியும் கேளுங்கள். நம் கண்ணுக்கு, தீ அணைந்தால் சூடு போயிற்று. அதில் தீயே தெரியாது, அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும், மேலே வைத்த பிளாஸ்டிக் உருகிவிடும். வடை சுடும்போது எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ கூரைக்குத் தாவும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, அப்படியே விட வேண்டும். அடங்காவிட்டால் வெளியே வந்து 112-ஐக் கூப்பிட வேண்டும். இங்கேயும் அதே எண்தான், மறக்காது.

கீழ்வீட்டுச் சேதத்துக்குப் பணம் எப்படி என்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பாள். பிறருக்கு நாம் செய்துவிடும் சேதத்துக்கென்றே ஒரு காப்பீடு அங்கே இருக்கிறது, பெரும்பாலான குடும்பங்கள் எடுத்து வைத்திருக்கின்றன. அவள் எடுத்திருக்கிறாளா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த மாதமே எடுக்கட்டும். தொலைத்த சாவிக்கும் அதில் இடம் உண்டா என்று பார்த்து எடுக்கட்டும்.

1909-ல் வேலூரில் நர்ஸ் பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்து வீட்டை விட்டுப் போய் வேலை பார்க்கும் பெண்களை இந்த மாவட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேற்றுமொழி படித்து, அந்த மொழியிலேயே நோயாளியைக் கவனிக்கிற பெண் உங்கள் மகள். மைத்துனர் அடுத்த விசேஷத்தில் வாயைத் திறந்தால் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இங்கே இரவு 9 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே மாலை 4:30. அவளுடைய ஷிப்ட் எப்போது முடிகிறது என்று கேட்டுக்கொண்டு நீங்களே கூப்பிடுங்கள். கல்யாண வீட்டில் சிரித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் அந்தக் குளியலறை எப்படி இருக்கும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.